கடைசி நாலு வரிசை சாமந்தி

பாலைவன நாட்டில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆசிட் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. ஆழத்தில் அடைத்துக்கிடக்கும் பாறையைக் கரைத்து எண்ணெய்க்கு வழிவிடுகிற வேலை. ஆசிட் ஒரு சோம்பேறி. ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கமே ஓடும். அடைத்த பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் நடுவில் கொழகொழவென்று ஒரு ஜெல்லை அனுப்பி, திறந்த வழியைக் கொஞ்ச நேரம் மூடிவைப்போம். வேறு போக்கிடமில்லாமல் ஆசிட் அடைத்த பக்கம் திரும்பும். ஜெல் பிறகு தானே கரைந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பாடம் எடுப்பதே நான்தான்.

போன லீவில் கடத்தூர் வந்தபோது, எங்கள் அரை ஏக்கரில் மனைவி சாமந்தி போட்டிருந்தாள். அவள் தனியாகச் செய்த முதல் வெள்ளாமை. மொட்டு வைக்கும் சமயத்தில் கடைசி நாலு வரிசை மட்டும் வாடித் தொங்கியது. போர் தண்ணீரின் உப்பு, சொட்டுநீர்க் குழாயின் துளைகளை வெள்ளையாக அடைத்திருந்தது. அந்த வாரம் தண்ணீர் எட்டாவிட்டால் நாலு வரிசையும் போச்சு.

"ஆசிட்டுதான? நம்ம தொழிலே அதுதான், தள்ளு" என்று இறங்கினேன். தண்ணீரில் ஆசிட்டைக் கலந்து மோட்டாரைப் போட்டேன். முன் வரிசைகள் ஜோராகச் சொட்டின. கடைசி நாலில் ஒரு சொட்டு இல்லை. இன்னொரு தடவை கலந்து விட்டேன். அதுவும் முன்னாலேயே போய்ச் சேர்ந்தது.

அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "ஏங்க, நல்லா வர்ற லைனையெல்லாம் மூடிட்டு வுட்டா என்னங்க?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. முன் வரிசை வால்வுகளை அவளே ஒவ்வொன்றாக மூடினாள். கடைசிக் குழாய்களில் ஆசிட் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் ஊறவிட்டோம். மறுநாள் முனைகளைத் திறந்ததும் வெள்ளைத் தூளாகக் கொட்டியது. அலசி மூடிய பிறகு நாலு வரிசையும் சொட்டத் தொடங்கின. அவள் குத்தவைத்து உட்கார்ந்து, உள்ளங்கையில் சொட்டுகளை ஏந்தினாள். முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தன நாளா காயுது புள்ள?"

"ரெண்டு மாசம் இருக்குங்க. கொடத்துல தூக்கி ஊத்தித்தான் வச்சிருந்தேன்."

"தெனம் போன் பண்றனே, சொல்லக்கூடாதா?"

"எல்லாம் நல்லாருக்கான்னுதானுங்க கேப்பீங்க. நல்லாருக்கறத மட்டும் சொன்னேன்."

அவள் பக்கத்தில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் தோளைத் தொட்டபோது, குடம் தூக்கிய இடம் காய்த்துப்போயிருந்தது.

இப்போதெல்லாம் அங்கிருந்து பேசும்போது, "என்ன காயுது, அத மொதல்ல சொல்லு" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.