பெட்டி போன வழி

செரிஃபோஸ் தீவில் எவாந்தியாவை வாயாடி என்று சொல்லாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் காது மந்தமான பாதிரியார். இன்னொருவர், அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பவர்.

அவளுக்கு வீடு மலை உச்சியில், ஹோரா என்ற ஊரில். கல்யாணத்தின்போது அந்தத் தீவின் வழக்கப்படி பெண்வீட்டார் எழுதிக்கொடுத்த வீடு. கணவன் ஸ்ட்ராட்டிஸுக்கு அப்பா விட்டுப்போனது கீழே லிவாடித் துறையில் ஒரு வலைக்கிடங்கு. அதன் மேல் இரண்டு அறை கட்டி, கோடையில் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டான். எவாந்தியாவும் தன் வீட்டில் இரண்டு அறைகளைச் சுண்ணாம்படித்து வாடகைக்கு விட்டாள். அங்கே ஆரம்பித்தது வினை.

"கீழ வந்து இரு. வர்றவன் எல்லாம் கடலுக்குத்தான் வர்றான்" என்றான் அவன்.

"கீழ ஒரே ஈரம். போர்வையப் பிழிஞ்சா உப்புத்தண்ணி வரும். நீ மேல வா."

"என் முட்டிய யார் தூக்கிட்டு வர்றது?"

ஒரு மே மாதம், சீசன் முடிகிற வரைக்கும் என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிப்போனான். அதற்குப் பிறகு பதினோரு சீசன்கள் முடிந்துவிட்டன. ஏதென்ஸில் கட்டிக்கொடுத்த மகள், நடுவில் கார்பன் தாளை வைத்து ஒரே கடிதத்தை இருவருக்கும் எழுதினாள். அடிப்பிரதி தனக்கு வந்த மாதத்தில் எவாந்தியா பதில் போடமாட்டாள்.

கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது கப்பல்துறையில் மட்டும். அதுவும் வந்திறங்குகிறவர்களின் தலைக்கு மேலாக. ஸ்ட்ராட்டிஸ் 'அறை – கடல் பத்தடி' என்ற அட்டையைப் பிடித்திருப்பான். எவாந்தியாவின் அட்டையில் 'அறை – காற்று, அமைதி, உலகம் முழுதும் தெரியும்' என்று எழுதியிருக்கும். அவள் பொய் சொல்லமாட்டாள். அதைத் தன் மரியாதையாக வைத்திருந்தாள். "கடல் தூரமா?" என்று கேட்டால், "ஜன்னலத் திறந்தா கடல்தான்" என்பாள். "படி நிறைய உண்டோ?" என்று கேட்டால், "இறங்கறப்ப தெரியவே தெரியாது" என்பாள். கேட்டவர் அந்தப் பதிலை யோசிப்பதற்குள் அவருடைய பெட்டி அவள் கையில் போய்க்கொண்டிருக்கும். பெட்டி போனால் பெட்டிக்காரரும் போகத்தானே வேண்டும்?

எண்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, மில்டோஸும் அவன் மனைவி பொலிக்ஸேனியும் கப்பலைவிட்டு இறங்கினார்கள். அவன் ஏதென்ஸில் ரேடியோ பழுதுபார்ப்பவன், அவள் வேதியியல் டீச்சர். மூன்று நாள் லீவு. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஐந்து மணி நேரமும் அவர்கள் பேசிவந்தது எங்கே தங்குவது என்பதைத்தான். இறங்கும் பலகையிலும் அது ஓயவில்லை.

"எழுந்தா கடல்ல விழணும். அவ்வளவு பக்கம் இருக்கணும் எனக்கு" என்றான் மில்டோஸ்.

"விழுந்துக்கோ. எனக்குத் தூக்கம் வேணும். வருஷம் பூரா முப்பத்தெட்டு பிள்ளைங்க சத்தம் என் காதுல."

எவாந்தியாவின் காதுக்கு இது போதும். "டீச்சரம்மா, மேல ஆட்டுமணிச் சத்தம்கூட கொஞ்சமாத்தான் கேக்கும்" என்று பொலிக்ஸேனியின் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

அதே நேரத்தில் ஸ்ட்ராட்டிஸ் மில்டோஸின் பழுப்புப் பெட்டியைத் தோளில் ஏற்றினான். "வாங்க தம்பி, கால நீட்டினா அலை வந்து தொடும்."

இரண்டு பெட்டிகளும் இரண்டு திசையில் போயின. மில்டோஸும் பொலிக்ஸேனியும் நடுவில் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அந்தாளக் கூப்பிட்டு பெட்டிய வாங்கு" என்றாள் அவள்.

"நீ அந்தம்மாவக் கூப்பிடு."

இரண்டு பேரும் கூப்பிடவில்லை. "சரி, மூணு நாள்தானே" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் ஏறினாள். "மூணே நாள்" என்று அவன் திரும்பி நடந்தான். பஸ் கிளம்பும்போது எவாந்தியா ஜன்னல் வழியே தன் புருஷனைப் பார்த்து இளித்தாள். அவன் தொப்பியைத் தூக்கிப் பதில் மரியாதை செய்தான். ஒரே ஜோடியில் இரண்டு வாடகை என்பது அந்தத் துறையில் அதுவரை நடக்காதது.

அன்று மாலையே மெல்தேமி காற்று எழுந்தது. ஆகஸ்டில் வடக்கேயிருந்து வீசும் அந்தக் காற்றுக்கு ஹோராவில் எதுவும் தப்பாது. ஜன்னல் கதவு இரவெல்லாம் அடித்துக்கொண்டது. காலையில் வீங்கிய கண்களோடு பொலிக்ஸேனி வெளியே வந்தாள்.

"தூக்கம் எப்படி டீச்சரம்மா?"

"பிரமாதம்" என்றாள் அவள். பிறகு, "கீழயும் காத்து இப்படித்தான் அடிக்குமாக்கா?" என்றாள்.

"கீழ காத்து கிடையாது. அதான் கொசு இருக்கு."

பொலிக்ஸேனியின் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. பிறகு, "அவருக்குக் கொசு கடிச்சா தடிச்சுப்போகும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எவாந்தியா கேட்காததுபோல முற்றத்தைக் கூட்டினாள். ஆனால் அவள் கைத்துடைப்பம் ஒரே இடத்தைத்தான் நாலு முறை கூட்டியது.

கீழே மில்டோஸ், பக்கத்து டிஸ்கோவின் அதிர்வில் கட்டிலே நகர்வதைக் கண்டான். கொசு கடிக்காத இடத்தை வெயில் கடித்தது. ஸ்ட்ராட்டிஸ் விசாரித்தபோது அவனும் "பிரமாதம்" என்றுதான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காற்று உக்கிரமாகிக் கப்பலும் வரவில்லை. எவாந்தியா பேக்கரி அடுப்பில் ராத்திரி முழுக்க வெந்த கொண்டைக்கடலைச் சட்டியை வாங்கிவந்து இறக்கிவைக்கும்போது, வாசலில் யாரோ இரைக்க இரைக்க மூச்சுவிட்டார்கள். மில்டோஸ். கையில் பழுப்புப் பெட்டி. பஸ்ஸைத் தவறவிட்டு, பழைய படிப்பாதையில் ஒரு மணி நேரம் ஏறிவந்திருக்கிறான். முகம் முழுக்கக் கொசுக்கடி, மூக்கு தோலுரிந்திருந்தது.

"அக்கா... பொலிக்ஸேனி இருக்காளா?"

"அடப்பாவமே! இப்பத்தான் தம்பி, பதினொரு மணி பஸ்ல கீழ போனா. பெட்டியோட."

மில்டோஸ் அப்படியே வாசற்படியில் பொத்தென்று விழுந்து உட்கார்ந்தான். எவாந்தியாவுக்குச் சிரிப்பு பொங்கியது. அடக்கிக்கொண்டு அவனை உள்ளே கூட்டிப்போய்ச் சட்டிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, எதிரே இருந்த காபிக்கடைக்கு ஓடினாள். அங்கேதான் டெலிபோன் இருந்தது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாகத் தன் புருஷனைக் கூப்பிட்டாள்.

"யோவ், என் டீச்சர் உங்கிட்டயா இருக்கா?"

"இருக்கா. உக்காந்து அழறா. அவன மேலேருந்து இறக்கிவிடு."

"அவன் கால்ல கொப்புளம். நீ அவள ஏத்திவிடு."

"நான் எதுக்கு ஏத்திவிடணும்? ரெண்டு பேரும் என் ரூம்லயே இருக்கட்டும்."

"அப்படியா? அந்தத் தம்பி விழுந்துட்டான்னு அவகிட்ட சொல்லு."

"ஐயோ! எங்க விழுந்தான்?"

எவாந்தியா ரிசீவரை வைத்துவிட்டாள். காபிக்கடையில் தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். "ஆடுங்க, ஆடுங்க" என்றாள்.

அரைமணி நேரத்தில் ஸ்ட்ராட்டிஸின் மொபெட் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றது. பின்னால் பொலிக்ஸேனி. அங்கிருந்து எவாந்தியாவின் வாசலுக்கு இருநூற்றுப் பதினான்கு படி. தலைமுடி பறக்க ஓடிவந்தவள் உள்ளே கண்டது, மில்டோஸ் இரண்டாவது தட்டுக் கடலையை ரொட்டியால் வழித்துக்கொண்டிருப்பதை.

"விழுந்துட்டன்னு சொன்னாங்களே!"

"விழுந்தார்தானே. அந்த வாசப்படில, பொத்துனு" என்றாள் எவாந்தியா. "நான் எங்க விழுந்தார்னு சொல்லவேயில்லையே."

பொலிக்ஸேனி வைக்கோல் தொப்பியைக் கழற்றிப் புருஷனை இரண்டு அடி அடித்தாள். மூன்றாவது ஓங்கும்போது அவன் மூக்கைப் பார்த்தாள். தொப்பி கீழே விழுந்தது. "முட்டாள், எண்ணெய் தடவ மாட்டியா?" என்று அவன் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அவன் வாயில் ரொட்டி இருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நீலப் பெட்டியைச் சுமந்து கடைசியாக ஏறிவந்தான் ஸ்ட்ராட்டிஸ். வாசலில் நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"பொய்க்காரி."

"உக்காரு. சட்டில மிச்சம் இருக்கு."

உட்கார்ந்தான். சாப்பிட்டான். வெயில் தாழ்ந்தது. சின்ன ஜோடி கைகோத்துக்கொண்டு கோட்டைமேட்டுக்குக் காற்றுவாங்கப் போனது. ஸ்ட்ராட்டிஸ் எழுந்திருக்கவில்லை.

"மொபெட்ல விளக்கு எரியல. காலைல போறேன்" என்றான், அவளைப் பார்க்காமல். போன வாரம்தான் அந்த விளக்கை அவன் மாற்றினான் என்று தீவு முழுக்கத் தெரியும். எவாந்தியா ஒன்றும் கேட்காமல் இன்னொரு போர்வையை எடுத்துப்போட்டாள். எதையாவது கேட்காமல் விட்டது அவளுக்கே புதிதாக இருந்தது.

காலையில் அவன் கண்விழித்தபோது வீட்டில் ஆளில்லை. ஆணியில் மாட்டியிருந்த சாவிக்கொத்தையும் காணோம். மொபெட் சாவியும் கீழ்வீட்டுச் சாவியும் அதில்தான் இருந்தன. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. திட்டிக்கொண்டே படிப்பாதையில் இறங்கினான்.

காற்று தணிந்து, இரண்டு நாள் கூட்டத்தையும் சுமந்துகொண்டு கப்பல் வந்துவிட்டிருந்தது. மில்டோஸும் பொலிக்ஸேனியும் மேல்தளத்திலிருந்து கையசைத்தார்கள். துறையின் நடுவில் எவாந்தியா, ஒரு கையில் தன் அட்டை, இன்னொரு கையில் அவனுடைய அட்டை.

"என் ரூம்?" என்று கேட்டான் மூச்சுவாங்க.

"விட்டாச்சு. பத்ராஸ்லேருந்து ஒரு பல் டாக்டர். பிள்ளைங்க அஞ்சு."

"அஞ்சா! ரெண்டு ரூம்லயும்?"

"பத்தலன்னாங்க. நீ படுக்கற கிடங்கையும் சேத்துக் குடுத்துட்டேன். செப்டம்பர் வரைக்கும்."

ஸ்ட்ராட்டிஸ் தன் வீட்டைப் பார்த்தான். மாடியில் ஒரு பயல் அவனுடைய மீன்வலையைப் போர்த்திக்கொண்டு பேய்போல ஊளையிட்டுக்கொண்டிருந்தான். எவாந்தியா அதற்குள், இரண்டு பெரிய பெட்டிகளோடு விழித்துக்கொண்டு நின்ற ஒரு கிழத்தம்பதியைக் கண்டுவிட்டாள்.

"நின்னு வேடிக்கை பாக்கறியே" என்று புருஷனை அதட்டினாள். "அந்தப் பெரிய பெட்டியத் தூக்கு. பஸ் கிளம்பப்போகுது."