மாசியில் விசிறி

மாநகராட்சியின் பழைய ஆவண அறையில் இருந்த அந்த ஊழியருக்கு என்னைவிட வயது குறைவு. தலைமுடியில் எப்போதும் கொஞ்சம் ஒட்டடை இருக்கும். எந்தக் கட்டை அவிழ்க்கும் முன்பும், கதவைத் தட்டுவதுபோல அதை இரண்டு முறை தட்டுவார். ஏன் என்று கேட்டதற்கு, “பூச்சி இருந்தா ஓடட்டும்ணே” என்றார்.

மறுநாள் அங்கிருந்த பழைய படங்களை வைத்து எங்கள் புகைப்படக் கண்காட்சி. தேரோட்டப் படம் ஒன்றின் பின்னால் ‘மாசி’ என்று மட்டும் எழுதியிருந்தது. நான் ‘மாசி மாதத் தேரோட்டம்’ என்று குறிப்பு எழுதிவிட்டேன். அவர் பூதக்கண்ணாடியைத் தேரின் மேல் வைக்காமல் கூட்டத்தின் மேல் வைத்தார்.

“அம்புட்டுப் பேர் கையிலயும் விசிறி இருக்கு பாருங்க. மாசியில யாருண்ணே விசிறுவா? மாசிங்கிறது மாசமில்ல, வீதி. மாசி வீதியில ஓடுற சித்திரைத் தேர்ணே இது. மதுரைக்காரரா இருந்துக்கிட்டு நீங்களே இப்படி எழுதலாமா?”

கண்காட்சியில் ஊரே சிரித்திருக்கும். குறிப்பைத் திருத்திவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

அவர் படங்களை அடுக்கிக் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். பிறகு மறுபடியும் அதை இரண்டு முறை மெல்லத் தட்டி, “வாரோம்” என்றார்.

பூச்சியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.