குடலிறக்கமும் ஆறு இட்லியும்

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் எனக்கு அடுத்த கட்டில் அவருடையது. இருவருக்கும் குடலிறக்க அறுவை. காலை ஒன்பதுக்கு அவருக்கு, பத்துக்கு எனக்கு. நன்னிலத்துக்காரர். நரைத்த மீசையைச் சீப்பால் வாரியிருந்தார். ராணுவத்தில் இருந்தபோது அவர் வேலை, சொல்லாமல் போய் நின்று, ஒரு படைப்பிரிவை இந்த நிமிஷமே போருக்கு அனுப்பலாமா என்று சோதிப்பது. குறையிருந்தால் கூடவே தங்கிச் சரிசெய்துவிட்டுத்தான் வருவாராம்.

பழக்கம் விடவில்லை. "கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓட எத்தனை செகண்ட் ஆகும் சிஸ்டர்?" என்று கேட்டார். ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைக் குனிந்து பார்த்தார். கிறீச்சிட்ட ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்கு எண்ணெய் வாங்கித் தானே விட்டார்.

எட்டரைக்கு நர்ஸ் வந்தார். "எங்களைச் சோதிச்சது போதும் சார். நீங்க ரெடியா? வெறும் வயிறுதானே?"

"ஆறு இட்லி, ஒரு காபி. பசியோட ஒரு ஆளைக் களத்துல இறக்கக் கூடாது சிஸ்டர். அதுதான் எங்க முதல் விதி."

"ஐயோ, நேத்தே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே சார்! மயக்கமருந்து எப்படிக் குடுப்பாங்க? இனி நாளைக்குத்தான் உங்களுக்கு."

அவருடைய ஒன்பது மணி எனக்கு வந்தது. என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் எழுந்து வந்து, "பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலையா சார்? இப்படியேவா அனுப்புறாங்க?" என்றார்.

உண்மையாகவே பதறினார். அவர் விதிப்படி சாப்பிட்டாரா, அறுவைக்குப் பயந்துபோய்ச் சாப்பிட்டாரா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.