சீட்டுக்கடியில் ஒரு பழைய பெல்ட்

நான் ஒரு மடையன். இதை முதலே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது சுகம். தேய்ந்துபோனதென்று கராஜில் கழற்றிப் போட்ட ஃபேன் பெல்ட்டை, "எறியாதீங்க பாஸ், இது இன்னும் ஓடும்" என்று கெஞ்சி வாங்கி, சொப்பிங் பேக்கில் சுற்றி, ஸ்பெயார் என்று சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு ஏழு வருடம் ஓடித்திரிந்தவன். கராஜ் பாஸ் அன்றைக்கே என்னை ஒரு மாதிரித்தான் பார்த்தார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வேன் எங்கள் வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்துக் கைவிட்டது. பிள்ளைகள் மூவரும் அதில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். நாவிதன்வெளி வயலிலிருந்து நெல் மூட்டையும் அதில்தான் வந்தது. பின்சீட்டுப் பிளவுக்குள் இன்னும் உமி கிடக்கிறது. முன் இடப்பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது, வெளியே நிற்பவர் யாராவது தயவு பண்ணவேண்டும். ஹோர்ன் அடித்தால் வைப்பர் ஆடும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடையில் நான் சொல்வது ஒன்றுதான்: "என்ட வேன் ஒரு நாளும் நடுவழியில விட்டதில்ல." அது உண்மை. பக்கத்து ஊர் நிந்தவூருக்கு அப்பால் அதை நான் கொண்டுபோனதே குறைவு.

இந்தத் திமிர் எங்கிருந்து வந்ததென்றால், என் பெயரில் இருப்பது அந்த வேன் ஒன்றுதான். எங்கள் ஊர்களில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. வீடு பெண்ணுக்கு. எங்கள் வீட்டைக் கட்டிக் கொடுத்தது என் மனைவியின் காக்கா, அதாவது என் மூத்த மச்சான். கட்டாரில் பதினொரு வருடம் வெயிலில் நின்று, தங்கச்சியின் வீட்டுக்கு ஓடு போட்டு முடித்த பிறகுதான் அவர் தனக்குப் பெண் பார்த்தார். தெற்கே ஒன்றரை மணித்தியாலம் ஓடவேண்டிய பொத்துவிலுக்கு மாப்பிள்ளையாகப் போனார். அவர் போட்ட ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு நான் வேன் பெருமை பேசுவேன். அவர் கேட்டுச் சிரிப்பார். "வித்துப்போட்டு வேற ஒண்டு எடுங்க மச்சான்" என்று ஒருமுறை சொன்னார். மூன்று மாதம் நான் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை.

போன வருடம் ஒரு காலையில், தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவிக்குப் பொத்துவிலிலிருந்து போனில் கோல் வந்தது. சுபஹ் தொழுதுவிட்டுப் படுத்த காக்கா எழும்பவில்லை. மௌத். மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா எடுப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் அடக்கத்தைப் பிந்தவிடுவதில்லை. அடக்கும் மையவாடிக்குப் பெண்கள் போவதுமில்லை. மையத்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கு வாசலைத் தாண்டுமுன் போனால்தான் அவளுக்குக் காக்காவின் முகம்.

பக்கத்து வீட்டுக்காரர் கார்த் திறப்போடு வந்து நின்றார். "வாங்க, நான் கொண்டுபோய் விடுறன்."

"வேன் நிக்கக்குள்ள என்னத்துக்கு?" என்றேன் நான். மச்சானின் வாசலில் என் வேனில் போய் இறங்கவேண்டும். மௌத்து வீட்டுக்கும் எடுப்புக் காட்டப் போனவன். புறப்படுமுன் கண்ணாடி கழுவவும் எனக்கு நேரமிருந்தது.

திருக்கோவில் தாண்டி, கோமாரிக்கு இங்கால, ஒரு வீடும் இல்லாத இடத்தில் 'பட்' என்று சத்தம். சூடு காட்டும் முள் மேலே ஏறியது. எங்கள் வேனில் முன் சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சின் தெரியும். சுற்றிப்போய்க் கதவைத் திறந்து, அவளை வெயிலில் இறக்கிவிட்டுச் சீட்டைத் தூக்கினேன். பெல்ட் அறுந்து கிடந்தது. சொல்ல வெட்கம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏழு வருடம் காத்த சாமானுக்கு வேலை வந்துவிட்டதே!

அந்த நேரம் பொத்துவில் பஸ் வந்து தானாகவே நின்றது. கொண்டக்டர் தலையை நீட்டினார்.

"என்ன ஹாஜியார், வேன் மௌத்தாப் போச்சா? ஏறுங்க, ஏறுங்க!"

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். அவர்களுக்கு எங்கள் விஷயம் எப்படித் தெரியும்? அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது.

என் மனைவி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். "இஞ்ச, வாங்க போவம். வேன் கிடக்கட்டும்."

"பத்து நிமிஷம் புள்ள. பெல்ட் இரிக்கி. இந்த பஸ்ஸுக்கு முன்னுக்குப் போய் நிப்பம், பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். ஜன்னல்களில் நிறைந்திருந்த முகங்களைப் பார்த்தாள். இவ்வளவு பேருக்கு முன்னால் புருஷனை ரோட்டில் விட்டுவிட்டு ஏற அவளுக்கு மனம் வரவில்லை. காலை எடுத்துக் கீழே வைத்தாள். பஸ் போய்விட்டது.

பத்து நிமிஷம் நாற்பது நிமிஷமானது. பெல்ட்டை ஏற்றினேன். வேன் ஓடியது, கோமாரி தாண்டும்வரைக்கும். மறுபடி சீட்டைத் தூக்கியபோது ரப்பர் தூள்தூளாக உதிர்ந்திருந்தது. இந்த முறை அவள் தானாகவே தூரப்போய், எனக்கு முதுகு காட்டி நின்றாள். ஒலுவிலிலிருந்து மீன் ஏற்றி வந்த லொறிக்காரர் ஒருவர் கடைசியில் எங்களை ஏற்றிக்கொண்டார்.

நாங்கள் போய் இறங்கும்போது ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பிவந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லை. கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

"முகம் எப்பிடி இரிந்திச்சி மதினி?" என்று என் மனைவி கேட்டாள்.

"நித்திர கொள்ற மாதிரி இரிந்திச்சி. நீங்க வருவீங்க எண்டு கால் மணித்தியாலம் பிந்தித்தான் எடுத்தாங்க."

என் மனைவி என்னைத் திட்டியிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்கும் திட்டவில்லை, பிறகும் திட்டவில்லை. சோறு போட்டுத் தருகிறாள், உடுப்புக் கழுவித் தருகிறாள். அவளுடைய காக்கா போட்ட ஃபேன் இன்னும் என் தலைக்கு மேல் ஒழுங்காகச் சுற்றுகிறது. அது ஒரு நாளும் நடுவில் நின்றதில்லை.

வேனுக்கு எல்லாம் புதிதாகப் போட்டேன். பெல்ட், ரேடியேட்டர், குழாய்கள். ஸ்பெயாராகப் பெட்டி பிரிக்காத பெல்ட் இரண்டு. முன் கதவும் இப்போது உள்ளேயிருந்து திறக்கிறது. வேன் வாங்கி விற்கும் புரோக்கர்மார் வந்து "ஓடுமா?" என்று கேட்கிறார்கள். "ஓம், எங்கயும் ஓடும்" என்கிறேன். அவள் சந்தைக்கு ஓட்டோவில் போய்வருகிறாள்.

பெருநாளுக்கு மறுநாள் வேனைக் கழுவித் துடைத்து, முன் கதவைத் திறந்துவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"புள்ள, பொத்துவிலுக்குப் போய் மச்சான்ட புள்ளையளப் பாத்திட்டு வருவம். வேன் இப்ப தங்கம்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நான் பஸ்ஸில போறன்."