கூறைத் தட்டும் என் கணுக்காலும்

பிரெஞ்சு நாட்டில், லா ஷப்பேல் பக்கத்துத் தமிழரின் கலியாண வீடியோக்களில் தாலி கட்டும் காட்சி இருக்கும், சாப்பாட்டுப் பந்தி இருக்கும், நான் விழும் காட்சியும் இருக்கும். என் இடது கணுக்கால் நினைத்த நேரத்தில் வெளிப்பக்கமாகப் பிரளும். மேடு பள்ளமெல்லாம் தேவையில்லை, சமதரையே போதும். வீடியோ எடுப்பவர் ஒருமுறை மண்டப வாசலிலேயே கேட்டுவிட்டார்: "அக்கா, இண்டைக்கு எத்தினை மணிக்கு விழுறியள்?"

விழுந்ததும் யாராவது "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்பார்கள். ஆறுதல்தான். ஆனால் சொல்லிவிட்டு என் உடம்பை மேலும் கீழும் ஒருமுறை பார்ப்பார்களே, அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வைத்தியம் எப்போதும் ஒன்றுதான். எண்ணெய் தேய்த்து, துணியால் இறுக்கிக் கட்டி, மறுநாள் ரூ பெர்தொனே தெருவில் நான் வேலை செய்யும் சேலைக் கடையில் போய் நிற்பேன். சுளுக்குக்கு யார் டாக்டரிடம் போவார்கள்? வீக்கம் வற்றினால் சுகம் என்று நம்பினேன்.

போன வருடம் மகனுக்குக் கலியாணம் நிச்சயமானது. கூறைச்சேலையும் தாலியும் வைத்த தட்டைச் சபை முழுவதும் கொண்டுபோவோம். எல்லோரும் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். எங்கள் குடும்பத்தில் அதை மாப்பிள்ளையின் தாய்தான் ஏந்துவது. இந்த ஊரிலேயே பிறந்த என் மகன் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தமிழுக்கு வந்தான்.

"அம்மா, நீங்கள் பேசாமல் கதிரையில இருங்கோ. தட்டை மாமி கொண்டு போகட்டும். தாலியோட விழுந்தா சனம் என்ன சொல்லும்?"

மாமி என்றால் என் கணவரின் அக்கா. இதற்குப் பிறகும் நான் சும்மா இருப்பேனா? அன்றே எலும்பு டாக்டரிடம் போக நாள் எடுத்தேன்.

டாக்டரம்மா, கால் எத்தனை முறை பிரண்டிருக்கிறது என்று கேட்டார். மூன்று நான்கு முறை என்றேன். பக்கத்திலிருந்த என் கணவர் இருமினார். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு தேங்காய்கூடத் துருவித் தராத மனிதர், சொந்தக்காரரின் வீடியோக்களையெல்லாம் வாங்கி, நான் விழும் இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி அடுத்த முறை கொண்டுவந்தார். பத்தொன்பது விழுகை. பின்னணியில் நாதஸ்வரம் வேறு.

டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு திரும்பவும் ஓட்டச் சொன்னார். இந்த முறை அவர் பார்த்தது விழுவதற்கு முன் நான் நடப்பதை. பழைய வீடியோக்களில் பாதத்தை நேராக வைக்கிறேன். பிந்தியவற்றில் வெளி ஓரத்தை ஊன்றி, தரையைப் பார்த்து, குட்டிக் குட்டி அடியாக வைக்கிறேன். பட்டுச்சேலை கட்டினால் வரும் அடக்கம் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

கணுக்காலை ஸ்கேன் எடுத்துப் பார்த்து விளக்கினார். ஒவ்வொரு சுளுக்கிலும் எலும்புகளைப் பிடித்திருக்கும் நார் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துவிட்டதாம். பிடி இல்லாத எலும்பு அடி வைக்கும்போதெல்லாம் சற்று விலகி அழுத்துவதால், நடுவில் மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பு ஒரு பக்கம் தேயத் தொடங்கியிருக்கிறது. தேய்ந்தது பழையபடி வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். எனக்கு அழுகை வந்தது.

இங்கே 'கினே' என்று சொல்லும் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அவர் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பல் விளக்கும்போது நின்றேன், பருப்பு வேகும்போது நின்றேன். எங்கள் வீடு இருக்கும் கார்ஜ் லே கொனெஸிலிருந்து வேலைக்கு வரும் ரயிலிலும் நின்று பார்த்தேன். ஒரு பிரெஞ்சுக் கிழவரின் மடியில் போய் உட்கார்ந்த பிறகு அதை விட்டேன். கடையில் ஒற்றைக் காலில் நின்ற என்னைப் பார்த்து ஒரு பெண் கேட்டார்: "என்னக்கா, கோயில் நேர்த்தியோ?"

"ஓம், மகன்ர கலியாணத்துக்கு."

கலியாணத்தன்று சேலைக்குள் கணுக்காலுக்குப் பட்டி போட்டுக்கொண்டு தட்டைத் தூக்கினேன். ஆசீர்வதிக்க நீண்ட கைகளைவிடக் கைபேசியோடு உயர்ந்த கைகள் அதிகம். பிடிப்பதற்காக மாமி இரண்டு கைகளையும் விரித்தபடி பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு வரிசையாகப் போனேன். கடைசி வரிசையும் முடிந்தது. தட்டு அசையவில்லை. பின்னால் யாரோ "சே!" என்றது எனக்கு நன்றாகவே கேட்டது.

ஒரு மாதம் கழித்து வீடியோ வந்தது. என் வெற்றியை ரசிக்கத் தேநீரோடு உட்கார்ந்தேன். நான் நடந்துகொண்டிருக்கும்போது கமரா ஒருமுறை மணவறைப் பக்கம் திரும்பியது. புதுப்பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஐயர் ஏதோ சொல்கிறார். மகன் அவளையும் பார்க்கவில்லை, ஐயரையும் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி என் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எழும்பி ஓடிவர, ஒரு காலை ஏற்கெனவே மணவறைக்குக் கீழே இறக்கி வைத்திருந்தான்.