ஒன்றுமில்லாத படத்துக்காக உழைத்தவர்

அன்று காலை சலீம் பாயின் தங்கை பர்வீனிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. "அண்ணன் போயிட்டாரும்மா. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி வாசல்லயே..." என்று அவள் போனில் அழுதபோது என் வாய்வரை வந்தது இதுதான்: அவர் கணக்கு முடிந்துவிட்டதா? கேட்கவில்லை. "வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

சலீம் பாயோடு வேலை செய்த உங்களுக்கு அந்தக் கேள்வி விகாரமாகப் படாது என்று நம்புகிறேன். மிகத் தொலைவில் உள்ள, சிறிய, நெருக்கமான விண்மீன் திரள் ஒன்றை நாங்கள் இருவரும் ஆராய்ந்துகொண்டிருந்தோம். அதற்கும் நமக்கும் நடுவே ஒரு பெரிய திரள் நிற்கிறது. அதன் ஈர்ப்பு, பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்து, சிறியதைப் பெரிதாக்கி வில்போல நீட்டிக் காட்டுகிறது. எவ்வளவு நீட்டியது என்று கணித்தால்தான் உண்மையான அளவு தெரியும். சலீம் பாய் ஒரு விதி வைத்திருந்தார். இருவரும் தனித்தனியே கணிக்க வேண்டும். இருவரும் முடிக்கும்வரை யாரும் விடையைச் சொல்லக் கூடாது. நான் முடித்திருந்தேன். அவர் விடை இல்லாமல் என்னுடையது வெறும் ஊகம்.

பெரிய திரளுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு சின்னத் திரள் கிடந்தது. அதன் ஈர்ப்பைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்றேன்.

"இன்னாமா, சின்ன காஞ்சிபுரத்துல இருந்துக்கினு இப்படிப் பேசுற? தேர பெரிய ஆளுங்க மட்டுமா இழுக்குறாங்க? கடைசில வடத்தத் தொட்டுக்கினு நிக்கிறவனும்தான் இழுக்குறான்."

"அவன் செல்ஃபி எடுக்க நிக்கிறான், பாய்."

விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் சேர்க்கும்வரை விடவில்லை. சேர்த்ததும் வில்லின் ஒரு முனை ஒழுங்காகப் பொருந்தியது.

தொலைநோக்கி எடுத்த படத்திலிருந்து நாங்கள் கணித்த படத்தைக் கழிப்போம். கணிப்பு சரியென்றால் படத்தில் எப்போதும் சிதறிக் கிடக்கும் சின்னப் புள்ளிகள் தவிர எதுவும் மிஞ்சாது. அப்படி ஒரு படத்தைச் சலீம் பாய் ஒருநாள் தன் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"இன்னாடா இது, ஒன்னுமே இல்ல?" என்றார் அவர் அம்மா.

"அதாம்மா வேணும். ஒன்னுமில்லாம ஆக்கத்தான் இத்தினி பாடு."

"டேட்டா தீந்துட்டா என் போன்லயே இது தெரியுமே" என்றாள் பர்வீன். அதுவரை பெருமையாக நின்ற சலீம் பாய் எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துப் பர்வீன் அழைத்தாள்.

"அண்ணன் ரூம்ல கம்ப்யூட்டரு இன்னும் ஓடிக்கினே இருக்குதும்மா. அந்தச் சத்தம் கேட்டா அவரு உள்ள இருக்குற மாதிரியே இருக்குதாம். அம்மா அணைக்கச் சொல்றாங்க. அணைச்சிடட்டா?"

அணைத்தால் அவ்வளவும் முதலிலிருந்து ஓட வேண்டும். அதை அவரைப்போல ஓட்ட யாரும் இல்லை. அந்தத் தாயிடம் இதை எப்படிச் சொல்வது? "அவர் ஆரம்பிச்சு வச்ச கணக்கு, இன்னும் முடியல" என்றேன். மறுமுனையில் போன் கைமாறியது.

"அவன் ஆரம்பிச்சதாமா?"

"ஆமாம்மா."

"அப்போ ஓடட்டும்." பிறகு பர்வீனிடம் சொன்னது கேட்டது: "அந்த ரூம் ஃபேனப் போட்டு வையி. சூடாவுது பாரு."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: பிடித்திருக்கிறது என்பதற்காகவே என் விடையை நம்பிவிடாமல் இருப்பது.

கணக்கு ஒரு மத்தியானம் முடிந்தது. அவர் வீட்டுக்குப் போய், அம்மாவும் பர்வீனும் பக்கத்தில் நிற்க, திறந்து பார்த்தேன். அவர் விடையில் அந்தத் தொலைதூரத் திரள் என் விடையில் இருந்ததைவிடச் சிறியது. இரண்டு அளவுகளையும் ஆய்வுக் கட்டுரையில் அப்படியே போட்டிருக்கிறோம்.