பி பக்கத்தின் கடைசி மூன்று நிமிடம்

புதுக் கேசட்டின் கண்ணாடித் தாளை நகத்தால் கிழித்ததும் எழும், மருந்துக்கடையையும் புதுச் செருப்பையும் கலந்தாற்போன்ற வாசனையை நான் முதலில் முகர்ந்தது வில்லியனூர்க் கடைவீதியில் இருந்த ‘ரிக்கார்டிங் கடை’யில்தான். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கடைக்கார பாய் வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார். எங்கள் வீட்டில் பட்டியல் எழுதுவது என் பொறுப்பு. பன்னிரண்டு வயதில் அதற்கென்றே ஒரு நோட்டு வைத்து, காதில் விழுந்த ஒவ்வொரு கேசட்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும், காரணமாக ஒரு வரியும் எழுதுவேன். ‘நாகஸ்வரம், பச்சை அட்டை: ஒன்பது, விடிந்ததும் கேட்க வேண்டும்.’ ‘தெருக்கூத்து: ஏழு, கட்டியங்காரன் வரும்வரை பொறுக்க வேண்டும்.’

அந்த வருடம் அக்கா கல்யாணமாகி, பிரான்சுக்குப் புறப்பட இருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர் என்பதால் அவர்கள் வீடு கரிக்கலாம்பாக்கத்தில் ‘சொல்தா வூடு’. அவ்வளவு தூரம் போகமாட்டேன் என்று அழுதவளின் சம்மதம் கேட்காமலே அம்மா தட்டு மாற்றிவிட்டதால், இருவருக்கும் பேச்சு நின்றுபோய், “அவகிட்ட சொல்லு” என்று என் வழியாகவே எல்லாம் நடந்தது.

அக்காவுக்கு என் பரிசு, தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்று. நாகஸ்வரம், வீணை, கூத்து, தர்கா பாட்டு, மாதா கோவில் பாட்டு, கஜல், சினிமா, சொல்தா வீட்டில் இரவல் வாங்கிய பிரெஞ்சுப் பாட்டு என்றெல்லாம் பத்து ரகம். எந்த ரகத்துக்கும் அவள் அங்கே ஏங்கக் கூடாது. பி பக்கத்தின் முடிவில் மட்டும் மூன்று நிமிடம் மிச்சமிருந்தது.

புறப்பாட்டுக்கு இரண்டு நாள் முன்பு சரிபார்க்கப் போட்டபோது, அந்த மூன்று நிமிடத்தில், எனக்குத் தெரியாமல் வீட்டு டேப்ரிக்கார்டரில் பதிந்த அம்மாவின் குரல், குக்கர் விசிலுக்கு நடுவே: “ரசப்பொடி செவப்பு டப்பாவுல கீது, மூடிய இறுக்கி மூடு. குளுர்ல தலைக்கு ஊத்திக்காத. உன்ன ஒரு வார்த்த கேக்காம செஞ்சிட்டன்டி. நல்ல எடம்னு தோணிச்சி, இன்னா பண்றது. கோவம் போனா லெட்டர் போடு.” இடையிடையே சில சொற்கள் இப்போது நினைவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. என் பட்டியலில் ரசப்பொடியா! மறுநாளே கேசட்டோடு ரிக்கார்டிங் கடைக்குப் பஸ் ஏறினேன்.

பாய் போட்டுக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். “இன்னா பாப்பா, அம்மா பேசனதாட்டம் கீதே. அழிச்சிடவா?”

“அழிச்சிடுங்க பாய். லிஸ்ட்ல இல்ல.”

“அம்மாவக் கேட்டியா?”

“கேட்டேன்” என்றேன். அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் பதிவானது.

அக்கா போய் ஒரு மாதம் கழித்து, மளிகைக்கடை போனுக்குக் கூப்பிட்டாள். ரிசீவரின் மறுபுறம் நானும் காதை ஒட்டவைத்துக்கொண்டேன். “கேசட்டு கேட்டியாடி?” என்றார் அம்மா. “தெனமும் கேக்கறேம்மா” என்றாள் அக்கா. அம்மா கடையிலேயே நின்று அழுதார். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொண்டார்கள். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று அம்மாவும், ஒரு நாளும் கேட்கப்படவில்லை என்று அக்காவும் நம்பிக்கொண்டு, அத்தனை வருடங்கள். நடுவில் இருந்த எனக்கு மட்டும் இரண்டும் தெரியும்.

சென்ற ஆண்டு அம்மா காலமானார். ரிக்கார்டிங் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறைகள் தொங்குகின்றன. கேசட் போட்டுக் கேட்க எங்கள் தெருவில் ஒரு கருவிகூட இல்லை. போன வாரம் அக்கா பேசினாள். “அப்ப போட்டுக் குடுத்தியே, அதுமாதிரி எல்லா ரகத்துலயும் நல்ல ஆல்பமா ஒரு லிஸ்ட் அனுப்புடி. அம்மா குரல்தான் எதுலயும் இல்லாம போச்சி.”

இன்று காலை அனுப்பினேன். பத்து ஆல்பங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பதினோராவதாக, அம்மா சொன்னதையும் அதை நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதினேன். நினைவில்லாத சொற்களுக்குப் புள்ளி வைத்துவிட்டேன். படித்ததற்கான நீலக் குறிகள் விழுந்து நாற்பது நிமிடம் ஆகிறது.